தோட்டத்துப் பிள்ளைகளும் பல்கலைக்கழக விண்ணப்பமும்

ஜொகூர் பாரு நகரை அடுத்துள்ள தெப்ராவ் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர் மரங்களால் சூழப்பட்டிருந்தது. இன்று மவுண்ட் ஆஸ்டின் என்றவுடன் இளைஞர்களின் நினைவுக்கு வருபவை கடைவீதிகளும் வீடமைப்புப் பகுதிகளுமே. அங்கே பால்மரங்கள் நிரை நிரையாக நின்றதையும், விடியுமுன் பிரட்டுக்கு ஓடியதையும் மூத்தவர்கள் மட்டுமே அறிவர். தோட்டம் போயிற்று, தோட்டத்துக் குடும்பங்கள் போய்விடவில்லை. சிலர் இன்னும் எஞ்சியுள்ள தோட்டங்களில் மரம் வெட்டுகின்றனர். சிலர் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்து விட்டனர். இவ்விரு பகுதியினரின் பிள்ளைகளும் எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்ததும் ஒரே முச்சந்தியில் வந்து நிற்கின்றனர்.

அண்மையில் நாம் அவ்வட்டாரத்திற்குச் சென்றிருந்தபோது, பால்வெட்டுத் தொழில் செய்யும் ஓர் அம்மையார் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்து நம் முன்னே கவிழ்த்தார். பிறப்புப் பத்திரங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், பழைய சம்பளச் சீட்டுகள், கோயில் திருவிழா ரசீதுகள், மின்சாரக் கட்டண பில்கள் என அனைத்தும் அதில் கலந்து கிடந்தன. “ஐயா, என் மகள் எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டாள். இதில் எதைக் கொடுத்தால் பிள்ளை யுனிவர்சிட்டிக்குப் போகும்?” என்று அவர் கேட்டார். அவருடைய மூத்த மகன் எஸ்.பி.எம். முடித்த கையோடு பாலம் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டார். இளையவளும் அவ்வாறே போகட்டும் என்பது தந்தையின் எண்ணம். படிக்கட்டும் என்பது தாயின் எண்ணம். அந்தப் பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டே அவருக்குக் கூறியவற்றையே இங்குச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் தந்தையின் பக்க நியாயத்தைப் பார்ப்போம். தெப்ராவில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்நியாயம் மிக அருகில் இருக்கிறது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை மோட்டார் சைக்கிளில் அதிகாலையில் புறப்பட்டு அக்கரைக்குச் சென்று கொண்டுவரும் சம்பளம், இக்கரையில் பெற்றோர் இருவர் சேர்ந்து ஈட்டுவதைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். வீட்டுக் கடனும் தம்பி தங்கையரும் உள்ள வீட்டில் இது சிறு தொகையன்று. ஆகவே இளமையிலேயே வேலைக்குப் போன பிள்ளைகளை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கரை வேலை இன்றும் கிடைக்கும், ஐந்து ஆண்டுகள் கழித்தும் கிடைக்கும். பல்கலைக்கழக இடமோ அவ்வாறு காத்திருப்பதில்லை. பட்டம் பெற்றவரும் பாலம் கடக்கலாம். அப்போது அவர் நிற்கும் இடமும் பெறும் ஊதியமும் வேறாக இருக்கும்.

பல்கலைக்கழகம் என்பது நமக்கு எட்டாத ஒன்று என்ற எண்ணம் பழைய நாளிலிருந்து வந்தது. அன்று அதற்குக் காரணமும் இருந்தது. 1949ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் நிறுவப்பட்டபோது, தீபகற்பத்துக்கும் சிங்கப்பூருக்குமாக இருந்த பல்கலைக்கழகம் அது ஒன்றே. 1959இல் அதன் பிரிவு கோலாலம்பூரில் தொடங்கியது. அந்த ஐம்பதுகளிலேயே, பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். தோட்டப் பாட்டாளிகளும் தங்களால் இயன்றதை அந்நிதிக்கு வழங்கினர். பல்கலைக்கழக வாசலையே கண்டிராதவர்கள் வழங்கிய பணம் அது என்பதை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அதன்பின் 1969இல் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம், 1970இல் தேசியப் பல்கலைக்கழகம், 1971இல் செர்டாங்கில் விவசாயப் பல்கலைக்கழகம் எனத் தொடர்ந்து, இன்று நாட்டில் இருபது அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஜொகூரிலேயே இரண்டின் தலைமையகம் இருக்கிறது. தெப்ராவிலிருந்து மோட்டார் சைக்கிளில் சென்றடையக்கூடிய தொலைவில், ஸ்கூடாயில் இருப்பது மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பத்து பகாட் மாவட்டத்துப் பாரிட் ராஜாவில் இருப்பது துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம்; 1993இல் போலிடெக்னிக் ஊழியர்களுக்கான பயிற்சி நிலையமாகத் தொடங்கிய அது 2007இல் பல்கலைக்கழகமாயிற்று.

எஸ்.பி.எம். முடிந்ததும் நேராகப் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டில் சேர்ந்துவிட முடியாது. இடையில் ஒரு படி உண்டு. பெற்றோர் பலரும் தடுமாறும் இடம் இதுவே. அந்தப் படிக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன.

ஆறாம் படிவத்தில் பயின்று எஸ்.டி.பி.எம். எழுதுவது ஒரு வழி. ஒன்றரை ஆண்டுக் காலம், மூன்று பருவங்கள். அரசாங்கப் பள்ளியிலேயே பயிலலாம். பெரும்பாலும் வீட்டிலிருந்தே போய்வரலாம். மெட்ரிகுலேசன் மற்றொரு வழி. ஜொகூர் மாநிலத்துக்கான மெட்ரிகுலேசன் கல்லூரி தங்காக்கில் இருக்கிறது. தங்குமிடமும் மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. பெரும்பாலோர் ஓராண்டில் முடித்துவிடுகின்றனர். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு அங்கு இடங்கள் குறைவு, போட்டியோ மிகுதி. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ‘ஏ’க்களுக்குக் குறையாமல் பெறுவோருக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேசன் இடம் வழங்கப்படும் என 2024ஆம் ஆண்டில் பிரதமர் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கலாம். மூன்றாவது வழி டிப்ளோமா. பாசிர் கூடாங்கில் உள்ள இப்ராகிம் சுல்தான் போலிடெக்னிக் போன்றவற்றில் டிப்ளோமா பெற்று, வேலைக்கும் போகலாம். நல்ல தேர்ச்சியோடு பட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். கைத்திறனும் இயந்திர ஆர்வமும் உள்ள பிள்ளையை வலிந்து ஆறாம் படிவத்தில் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எனினும் மெட்ரிகுலேசன் இடம் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் மனமுடைந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் காணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. ஆறாம் படிவம் கடினமானது, தோற்றவர்கள் போகும் இடம் என்றெல்லாம் ஒரு பேச்சு உலவுகிறது. கடினமானது என்பது உண்மை. தோற்றவர்கள் போகும் இடம் என்பது முழுப் பொய். எஸ்.டி.பி.எம். சான்றிதழ் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்ளும் தகுதியுடையது. 2012ஆம் ஆண்டு முதல் தேர்வு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், முன்போல் ஒரே மூச்சில் ஒன்றரை ஆண்டுப் பாடத்தையும் எழுத வேண்டிய நிலை இல்லை. முதலிரு பருவங்களில் சறுக்கிய தாளைப் பின்னர் மீண்டும் எழுதிச் சரிசெய்துகொள்ளவும் வாய்ப்புண்டு. தமிழ்மொழியையும் ஒரு பாடமாக எடுக்கலாம். கையில் பணமில்லாத குடும்பத்துக்கு ஆறாம் படிவத்தைவிடச் செலவு குறைந்த, உறுதியான வழி வேறில்லை என்பதே நம் கருத்தாகும்.

எஸ்.டி.பி.எம். வழி செல்வோருக்கு அரசாங்கப் பல்கலைக்கழகம் எதிர்பார்க்கும் அடிப்படைத் தகுதிகள் இவை: எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட், வரலாற்றில் தேர்ச்சி, எஸ்.டி.பி.எம். தேர்வில் சராசரிப் புள்ளி 2.00க்குக் குறையாமை, பொதுப்பாடத்திலும் வேறு இரு பாடங்களிலும் ‘சி’ நிலை, அத்துடன் ‘முவெட்’ எனப்படும் ஆங்கிலத் தேர்வு. இவை வாசலுக்குள் நுழைவதற்கான தகுதி மட்டுமே. மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே கூடுதல் நிபந்தனைகள் உண்டு. மலாய்மொழியில் கிரெடிட் பெறாத காரணத்தால் மட்டுமே வாசலில் நின்றுவிட்ட பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு நேர்ந்தால் அப்பாடத்தை மீண்டும் எழுத வழியுண்டு. ஆறாம் படிவத்தில் இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். கடைசி ஆண்டு வரை தள்ளிப்போடலாகாது. முவெட் தேர்வுக்கும் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

புள்ளிக் கணக்கு

2002ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான மாணவர் சேர்க்கை மெரிட் என்னும் தகுதிப் புள்ளியின் அடிப்படையில் நடைபெறுகிறது. நூறு புள்ளிகளில் தொண்ணூறு தேர்வு முடிவுக்கும், பத்து புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியவை. புறப்பாடம் என்றால் சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவை. இந்தப் பத்துப் புள்ளியைத்தான் நம் பெற்றோர் பலர் பொருட்படுத்துவதில்லை. “பள்ளி விட்டதும் வீட்டுக்கு வா, விளையாட்டு சோறு போடாது” என்று கண்டிப்பதும் உண்டு. சோறு போடுமா என்பதை ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு மாணவரின் சராசரிப் புள்ளி 3.50 என்று கொள்வோம். அதை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் 78.75 வரும். புறப்பாடத்தில் அவருக்கு 7 புள்ளிகள். மொத்தம் 85.75. மற்றொரு மாணவியின் சராசரிப் புள்ளி 3.42 மட்டுமே. அது 76.95 ஆகும். ஆனால் அவர் சாரணியர் இயக்கத்திலும் கழகத்திலும் பொறுப்பேற்று, வலைப்பந்தும் ஆடி, 9 புள்ளிகள் பெற்றிருக்கிறார். மொத்தம் 85.95. தேர்வில் பின்தங்கியவர் பட்டியலில் முந்திவிட்டார். ஒரே ஓர் இடம் மிஞ்சியிருக்கும்போது அது யாருக்குப் போகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. பள்ளி வேன் ஒரு குறித்த நேரத்தில் புறப்பட்டுவிடும். மாலையில் பயிற்சிக்குத் தங்கினால் வீடு திரும்ப வாகனம் இருக்காது. ஆகவே நன்கு ஓடக்கூடிய பிள்ளையும் பெயருக்கு ஒரு கழகத்தில் இருந்துவிட்டு வீடு வந்துவிடுகிறது. ஐந்தாறு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வாரத்தில் ஒருநாள் மாலை வேனுக்கு ஏற்பாடு செய்துகொண்டதை நாம் ஓரிடத்தில் கண்டோம். மாதத்திற்கு ஆளுக்குச் சில வெள்ளிதான் கூடுதல். நாமும் ஒரு காலத்தில் கரும்பலகை முன் நின்றவர்களே. பிள்ளையின் புறப்பாடச் சான்றிதழ்களைப் பெற்றோர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாவிடில் ஆண்டு இறுதி அமளியில் அவை எங்கே போகின்றன என்பதையும் அறிவோம்.

விண்ணப்பம்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உயர்கல்வி அமைச்சின் கீழுள்ள யு.பி.யு. எனப்படும் மையப் பிரிவின் வழியாக, இணையத்தில் ஒரே விண்ணப்பம் செய்தால் போதும். எஸ்.பி.எம். முடித்தவர்கள் டிப்ளோமா போன்ற படிப்புகளுக்கும், எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன், டிப்ளோமா முடித்தவர்கள் பட்டப்படிப்புக்கும் இதே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். விண்ணப்பத்தை ஏற்கத் தொடங்கும் நாளும் முடிக்கும் நாளும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும். பெரும்பாலும் தேர்வு முடிவு வருமுன்பே விண்ணப்பம் தொடங்கிவிடும். முடிவு வந்தபின் தேர்வுகளை மாற்றி அமைத்துக்கொள்ளச் சில நாள்கள் கொடுக்கப்படும். “முடிவு வரட்டும், பார்க்கலாம்” என்று காத்திருப்பது தவறு. வீட்டில் கணினி இல்லையெனில் பள்ளியிலோ, பொது நூலகத்திலோ, சமூக இணைய மையத்திலோ செய்யலாம். கைத்தொலைபேசியிலும் செய்யலாம், ஆனால் சிறிய திரையில் துறையின் குறியீட்டு எண்ணைத் தவறாகத் தொட்டுவிட்டுப் பின்னர் வருந்தியவர்கள் உண்டு.

பன்னிரண்டு துறைகள் வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். இவ்வரிசையில்தான் ஒரு பிள்ளையின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது எனலாம். பன்னிரண்டு இடத்திலும் மருத்துவம், பல்மருத்துவம், மருந்தியல் என்றே நிரப்பிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் நிற்பது ஒரு வகைத் தவறு. இதன் பெயர் துணிவு அன்று. புள்ளி போதுமா என்ற அச்சத்தால் விருப்பமில்லாத துறையையே முதலில் வைப்பது மற்றொரு வகைத் தவறு. துறைவாரியாக முந்திய ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் சராசரித் தகுதிப் புள்ளி யு.பி.யு. அகப்பக்கத்தில் காட்டப்படுகிறது. தன் புள்ளியை அதனோடு ஒப்பிட்டு, சற்று எட்ட இருப்பவற்றை மேலேயும், தன் அளவுக்குப் பொருந்துபவற்றை நடுவிலும், உறுதியாகக் கிடைக்கக்கூடியவற்றைக் கீழேயும் அமைப்பது நன்று. கீழே வைக்கும் துறையும் கிடைத்தால் போய்ப் படிக்க மனமுள்ள துறையாக இருக்க வேண்டும். மனமில்லாததை இடம் நிரப்புவதற்காகப் போட்டால் அதுவே கிடைத்து வைக்கும்!

சில துறைகளுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி ஆசிரியர் கல்வி பயில விரும்புவோர், ‘மெட்சி’ என்னும் தகுதிச் சோதனைக்கும் நேர்முகத்துக்கும் அமர வேண்டும். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான நிலையம் அது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராவதற்கு மற்றொரு வழியான ஆசிரியர் கல்விக் கழகங்களுக்கு விண்ணப்பம் வேறு. அது கல்வி அமைச்சுக்கு நேரடியாகச் செய்யப்படுவது. இரண்டையும் ஒன்றென எண்ணி ஒன்றை மட்டும் செய்துவிட்டு இருந்துவிடலாகாது.

இனி அம்மையாரின் பைக்கு வருவோம். அதில் கோளாறு ஒன்று இருந்தது. மகளின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், தந்தையின் அடையாளக் கார்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. ஓர் எழுத்துதான் வேறுபாடு. பழைய நாளில் தோட்டத்துக் கிராணி ஒருவிதமாகவும் பதிவதிகாரி வேறுவிதமாகவும் ரோமன் எழுத்தில் எழுதிவிட்டதன் விளைவு இது. தோட்டத்துக் குடும்பங்களில் புதிதன்று. ஆறாம் வகுப்பிலோ இடைநிலைப் பள்ளியிலோ எவரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். கடனுதவிக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் விண்ணப்பிக்கும்போது, தந்தையின் அடையாளக் கார்டும் சம்பளச் சீட்டும் மகளின் பத்திரத்தோடு ஒத்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த ஓர் எழுத்து எழுந்து நிற்கும். தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்று திருத்தத்துக்கு மனுச் செய்வதற்கு நாளாகும் என்பதால், பிள்ளை நான்காம் படிவத்தில் இருக்கும்போதே பத்திரங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்பது நல்லது.

இதைவிடப் பெரிய இடர் குடியுரிமையாகும். பிறப்பைப் பதியாதவர்கள், சிவப்பு அடையாளக் கார்டு உடையவர்கள், பெற்றோரின் திருமணம் பதியப்படாத காரணத்தால் நீலக் கார்டு பெறாத பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். இத்தகையோரைக் கண்டறிந்து பதிவு செய்ய 2011ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடத்தப்பட்டது. அப்போதும் விடுபட்டவர்கள் உண்டு. பி.டி.பி.டி.என். கடனுதவி குடிமக்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே இக்குறை உள்ள குடும்பத்தினர் பிள்ளை பெரியவனாகட்டும் என்று காத்திராமல், இன்றே பதிவு இலாகாவை நாட வேண்டும். மனு செய்த ரசீதை எக்காரணத்தைக் கொண்டும் தொலைக்கலாகாது.

பணம்

“இடம் கிடைத்துவிட்டால் பணத்துக்கு எங்கே போவது?” என்பது தந்தை கேட்ட கேள்வி. அதுவரை அவர் திண்ணையில் பேசாமல் அமர்ந்திருந்தார்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. மாணவர் செலுத்துவது அதில் ஒரு சிறு பகுதியே. ஆயினும் முதல் நாள் பதிவுக்கு மட்டும் ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ ஒரு தொகை கையில் தேவைப்படும். தங்குமிடக் கட்டணம், மெத்தை விரிப்பு, வாளி, காலணி, பேருந்துக் கட்டணம் ஆகியவை தனி. மடிக்கணினி ஒன்றும் இப்போது தேவையாகிவிட்டது. தோட்டத்துக் குடும்பம் தத்தளிப்பது நான்காண்டுச் செலவை எண்ணியல்ல. இந்த முதல் வாரச் செலவை எண்ணித்தான். இடம் கிடைத்த தகவல் வருவதற்கும் பதிவு நாளுக்கும் இடையே அதிகக் காலம் இருப்பதில்லை.

தேசிய உயர்கல்விக் கடனுதவி நிதி எனப்படும் பி.டி.பி.டி.என். 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. குடும்ப வருமானத்தை ஒட்டிக் கடன் தொகை நிர்ணயிக்கப்படுகிறது. குறைந்த வருமானக் குடும்பத்தின் பிள்ளைக்கு உச்சத் தொகை கிடைக்கும். கடனின் மீது விதிக்கப்படும் நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். முதல் வகுப்பில் தேறுவோருக்கு, விதிகளுக்கு உட்பட்டு, கடனிலிருந்து விலக்கும் உண்டு. இக்கடனுக்கு விண்ணப்பிக்க மாணவரின் பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பதிவு நாளுக்காகக் கடனிலிருந்து 1,500 ரிங்கிட் வரை முன்பணம் பெறும் ஏற்பாடும் இருந்து வருகிறது. அம்மையாரின் கவலைக்கு நேர் மருந்து இதுவே. ஆனால் இது இனாம் அன்று. பிறகு வரும் கடனில் கழித்துக்கொள்ளப்படும்.

உபகாரச் சம்பளங்களும் உண்டு. பொதுச் சேவை இலாகா வழங்குவது ஒன்று. ஜொகூர்க் கல்வி அறவாரியம் மாநில மாணவர்களுக்கு உதவுகிறது. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களைக் கொண்டே தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி அளித்து வருகிறது. தாத்தா வாங்கிய பங்குப் பத்திரம் பெட்டியின் அடியில் கிடப்பது தெரியாமலே பேரப்பிள்ளைகள் இருப்பதுண்டு, தேடிப் பார்க்கவும். இந்தியச் சமூகத்திற்கான மித்ரா பிரிவின் உதவிகளும் உண்டு. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவ்வப்போது விசாரித்தறிய வேண்டும். இவை அனைத்துக்கும் தேவைப்படுவது பெற்றோரின் வருமானச் சான்று. தோட்ட அலுவலகத்தில் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாதந்தோறும் சம்பளம் ஏறி இறங்கும் தொழிலில், மழை மாதத்துச் சீட்டும் வெயில் மாதத்துச் சீட்டும் வேறுவேறு கதை சொல்லும். ஆகையால் ஆண்டு வருமான அறிக்கையும் உடனிருத்தல் நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் பருவத்தில், கழுத்துப்பட்டை அணிந்த முகவர்கள் லயங்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் வண்ண வண்ணக் கையேடுகளுடன் வருவதுண்டு. நாம் அறிந்த ஒரு குடும்பத்தார் இவ்வாறு வந்தவரை நம்பி, ஒரு தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டினர். பணம் மனைவியின் நகையை அடகு வைத்துப் பெற்றது. அந்தப் படிப்புக்கு முறையான தகுதி அங்கீகாரம் இல்லையென்பது கடனுதவிக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரியவந்தது. கடன் கிடைக்கவில்லை, கட்டிய பணமும் திரும்பவில்லை. பிள்ளை ஓராண்டை இழந்தான். தனியார் கல்லூரிகள் எல்லாமே இத்தகையவை என்று நாம் கூறவில்லை. நம் சமூகத்தின் முயற்சியால் 2001இல் கெடாவில் உருவான எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் தனியார் நிலையந்தான். எந்தக் கல்லூரியாயினும், அந்தக் குறிப்பிட்ட படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். யு.பி.யு. விண்ணப்பத்துக்கோ முகவர் என்று ஒருவர் தேவையே இல்லை.

முடிவு வெளியானதும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கிடைத்த இடத்தை, குறிப்பிட்ட நாள்களுக்குள் இணையத்தில் ஏற்றுக்கொள்வதாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் இடம் பறிபோகும். கடிதம் வீட்டுக்கு வரும் என்று காத்திருந்து இடத்தை இழந்தவர்கள் உண்டு. விரும்பிய துறை கிடைக்காவிட்டாலோ, எதுவுமே கிடைக்காவிட்டாலோ மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் நாள் வரையறை இருக்கிறது.

கிடைக்கும் இடம் கோத்தா கினபாலுவிலோ கூச்சிங்கிலோ இருந்தால், அதுவும் பெண் பிள்ளையாக இருந்தால், பெற்றோர் தயங்குகின்றனர். தயக்கம் புரிகிறது. முதலாண்டு மாணவர்களுக்குப் பொதுவாக வளாக விடுதியிலேயே தங்குமிடம் தரப்படுகிறது. ஆண் பெண் விடுதிகள் தனித்தனியே உள்ளன. விமானக் கட்டணச் சுமையைக் குறைக்க 2023ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஃபிளைசிஸ்வா’ திட்டத்தின் வழி, கடல் கடந்து பயிலும் அரசாங்க உயர்கல்வி நிலைய மாணவர்களுக்கு 300 ரிங்கிட் உதவி வழங்கப்பட்டது. அங்கே ஏற்கெனவே பயிலும் நம் மாணவர்களின் சங்கத்தாரோடு தொலைபேசியில் பேசினாலே பாதி அச்சம் நீங்கிவிடும். பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் தொடர்பு கிடைக்கும்.

தெப்ராவில் அன்று நாம் விடைபெறுமுன் பைக்குள் இருந்தவற்றை மூன்று உறைகளில் பிரித்து வைத்தோம். ஒன்றில் பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டு நகல்களும். மற்றொன்றில் தேர்வு முடிவுகளும் புறப்பாடச் சான்றிதழ்களும். மூன்றாவதில் சம்பளச் சீட்டுகள். கோயில் ரசீதுகளை அம்மையார் தனியே எடுத்துக்கொண்டார். மகளின் சராசரிப் புள்ளியைப் பார்த்துப் பன்னிரண்டு துறைகளையும் ஒரு பள்ளிப் புத்தகத்தின் கடைசித் தாளில் அவளே எழுதினாள்; முதலில் இருந்தது ஸ்கூடாய். ஏழாவதாகக் கூச்சிங்கை எழுதிவிட்டுத் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவர் அதை அடிக்கச் சொல்லவில்லை. பதிவு இலாகாவுக்குப் பெயர்த் திருத்தத்துக்குச் செல்லத் திங்கட்கிழமை மரம் வெட்டு முடிந்ததும் புறப்பட்டால் போதுமா, அல்லது ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் காலையிலேயே போக வேண்டுமா என்று மட்டும் கேட்டார். காலையிலேயே போவது நல்லது என்றோம்.